அம்மாவுக்கும் சேர்த்து நான்கு இடங்கள்

முன்பதிவு இல்லாமலே குடும்பத்தை ரயிலில் உட்கார வைத்துக் கூட்டிப்போவதில் விலேமுக்கு இணையானவர் அந்த வீட்டில் எவரும் இல்லை. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை அவர்கள் பிராகிலிருந்து புறப்பட்டு, அம்மா பிறந்த ஊரான ஷும்பெர்க்குக்குப் போவார்கள். நாட்டில் பாதிப்பேர் தங்கள் கல்லறைகளைத் தேடிக் கிளம்புவதும் அன்றைக்குத்தான். சாமந்தித் தொட்டிகளும் ஊசியிலை வளையங்களும் கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவர்த்திகளுமாக ரயில் பிதுங்கும். பயணச்சீட்டு இருந்தால் ஏறலாம். உட்காருவது நிச்சயம் என்று இருக்க வேண்டுமானால் இடச்சீட்டு என்று தனியாக ஒன்று வாங்கவேண்டும். அந்த இரண்டாவது சீட்டை விலேம் வாங்கியதே இல்லை.

அவருடைய வழி வேறு. பிரதான நிலையத்துக்கு முந்தின நிலையமான ஸ்மீகோவில்தான் ரயில் புறப்படுகிறது. அங்கே அவர் மட்டும் முன்கூட்டியே போய்விடுவார். ஆறு பேர் உட்காரும் சிற்றறைகளில், கதவருகே முன்பதிவுத் தாள் செருகியிராத அறை ஒன்றைத் தேடி ஏறுவார். கையோடு கொண்டுபோன பெரிய துணிப்பையைத் திறந்து, ஓர் இருக்கையில் அப்பாவின் கோட்டை விரிப்பார். அடுத்ததில் அப்பாவின் தொப்பி. எதிரே மாமாவின் மழைக்கோட்டு. ஜன்னலோரம் ஒரு கம்பளிச் சால்வை. எட்டிப் பார்க்கிறவர்களுக்கு, ஆட்கள் காப்பி வாங்க இறங்கியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். பிரதான நிலையத்தில் குடும்பம் ஏறும்போது அவர் கோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் திணிப்பார். உறவினர்கள் அவரை ரயில் மந்திரி என்று அழைத்தார்கள். அவர் அதை மறுத்ததில்லை.

அம்மா மட்டும் இந்தத் தந்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம், பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது சொன்ன கதையொன்றைத் திரும்பச் சொல்வார். கரடி ஒன்று இரை தேடிப் போகுமுன் தன் மயிரைக் கொஞ்சம் குகை வாசலில் உதிர்த்துவிட்டுப் போனதாம். அதைப் பார்த்து நரி பயந்து ஓடியது; ஓநாயும் பயந்து ஓடியது. குளிர் மட்டும் பயப்படவில்லை. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. இதைச் சொல்லிவிட்டு அம்மா சிரிப்பார், விலேமும் சிரிப்பார்.

சென்ற ஆண்டு அந்தத் தந்திரம் பலிக்கவில்லை. பழைய பெட்டி ஒன்றை அன்று அவசரமாக மாட்டியிருந்தார்கள். முன்பதிவுத் தாள்களைச் செருக எவருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. தாள் இல்லாததால் இடமும் காலி என்று விலேம் எண்ணினார். பிரதான நிலையத்தில் ஏறிய ஆறு பேர் தங்கள் இடச்சீட்டுகளை மரியாதையாக நீட்டினார்கள். கோட்டுகள் பைக்குத் திரும்பின. ரயில் முழுவதும் தேடியதில் ஒரே ஓர் இருக்கை கிடைத்தது, இரண்டாவது பெட்டியில். எண்பது வயது அம்மாவை அங்கே உட்காரவைத்தார்கள். விலேம் வளையங்களோடு கடைசிப் பெட்டியின் வாசலில் நின்றுகொண்டார். தங்கை யர்மிலா, காலையிலிருந்தே தலைவலி, சாப்பாட்டுப் பெட்டியில் ஓரமாக ஒண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனாள். விலேமின் மனைவி ஹெட்விகாவுக்கு அன்று மருத்துவமனையில் பணி, அவள் வரவில்லை.

த்ரெபோவா நிலையம் நெருங்கும்போது விலேம் கூட்டத்தை இடித்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கப் போனார். அம்மா உட்கார்ந்திருக்கவில்லை. சாம்பல் நிறக் கோட்டோடு நடைவழியில் நின்று, ஜன்னலுக்குக் குறுக்கே ஓடும் கம்பியை இரு கைகளாலும் பற்றி, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்திருந்தார். சிற்றறையின் திரை இழுத்து மூடியிருந்தது. இவர் பதறிப்போய்க் கேட்டதற்கு, உள்ளே ஒருத்திக்கு என்னைவிட உடம்பு முடியவில்லை, அதனால் இடம் கொடுத்தேன் என்றார் அம்மா. அந்த ஒருத்தியை எழுப்பி வெளியே அனுப்ப விலேம் கதவில் கை வைத்தார். அம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடுடா. தூங்கறா. நான் வேடிக்கை பாத்துட்டு வரேன், நல்லாத்தான் இருக்கு."

ஷும்பெர்க் வரை அம்மா அப்படியே நின்றார். அதற்குப்பின் அவருடைய கால் வீங்கியது. ஜனவரியில் ஒரு காலையில் இரத்தக்கட்டு நுரையீரலுக்கு ஏறி இறந்துபோனார். அந்த வயதில் அதற்கு நூறு காரணங்கள் இருக்கலாம் என்றுதான் மருத்துவர் சொன்னார். ஆனால் சடங்கு முடிந்து விடுதியில் உறவினர் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, யர்மிலா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி அண்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

"ஒரு பியர் காசு குடுத்து இடம் வாங்கியிருந்தீங்கன்னா, இன்னைக்கு அம்மா இங்க உக்காந்து சூப் குடிச்சிட்டிருப்பாங்க."

பெரியம்மா மகன் போஹுஷ், ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். மற்றவர்கள் தட்டைப் பார்த்தார்கள். அன்று முதல் அண்ணனும் தங்கையும் பேசவில்லை.

அன்று முதல் விலேமுக்கு இன்னொன்றும் நேர்ந்தது. எந்த ரயிலில் ஏறினாலும், நடைவழியின் கோடியில், சாம்பல் நிறக் கோட்டோடு ஓர் உருவம் கம்பியைப் பிடித்து நின்றது. முகம் எப்போதும் ஜன்னல் பக்கம். அருகில் போனால் அங்கே யாரும் இருப்பதில்லை. கண்ணாடியில் மட்டும், நெற்றி பட்டதுபோல, ஒரு வட்டம் மூச்சுப் படிந்து மங்கியிருக்கும். விலேம் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தம் கண்களைத் தாமே சோதித்துப் பார்த்தார், பழுதில்லை. இதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ரயிலில் உட்காருவதை மட்டும் விட்டுவிட்டார். பெட்டி முழுவதும் காலியாக இருந்தாலும் நின்றே போனார்.

அக்டோபர் வந்தது. அம்மாவின் அஸ்திக் கலசம் ஜனவரியிலிருந்து அவர் வீட்டில், கண்ணாடி அலமாரியின் மேல், வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கல்லறைத் திருநாளன்று அதைக் குடும்பக் கல்லறையில் வைப்பதென்று பேச்சு. ஷும்பெர்க்கில் இருக்கும் ஒட்டிலி சித்தி, அம்மாவின் கடைசித் தங்கை, தொலைபேசியில் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார்: பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுவந்தால் கல்லறையைத் திறக்கச் சொல்கிறேன், ஒருவர் மட்டும் வருவதானால் அக்கா இன்னும் ஒரு வருஷம் அலமாரி மேலேயே இருக்கட்டும். யர்மிலா சொல்லியனுப்பியதையும் சித்தி மறைக்கவில்லை. அண்ணன் கோட்டை விரித்து வைத்துவிட்டு உட்காரச் சொன்னால் நான் அந்த ரயிலில் ஏறமாட்டேன், என்றிருந்தாள் அவள்.

ஆகவே முடிவு விலேமின் கையில் வந்து விழுந்தது. இடச்சீட்டு வாங்குவது எளிது. ஆனால் வாங்கினால், தங்கை சாப்பாட்டு மேசையில் சொன்னதற்குத் தாமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகாதா? இத்தனை வருஷம் வாங்காதவர் அம்மா செத்தபிறகு வாங்குகிறார் என்றால் ஊர் என்ன சொல்லும்? வாங்காவிட்டாலோ, யர்மிலா வரமாட்டாள். அம்மா மண்ணுக்குப் போகமாட்டார். கடைக்கும் வீட்டுக்கும் இடையில் ரயில் நிலையத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் முன்பதிவுச் சாளரத்தின் வரிசையில் போய் நின்றார். தம் முறை வருவதற்குள் நகர்ந்துவிடுவார்.

ஹெட்விகா எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள் இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"வாங்கினா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரின்னு நீ பயப்படற. வாங்கலேன்னா திமிருன்னு அவ நெனப்பா. உங்க ரெண்டு பேரு ரோஷத்துக்கும் நடுவுல, பாவம், அந்தம்மா ரேடியோ பக்கத்துல உக்காந்து செய்தி கேட்டுட்டிருக்காங்க."

வழக்கப்படியே போய்ப் பார்த்துவிடுவோம், யர்மிலா கடைசியில் வந்துவிடுவாள் என்று ஒரு பிடிவாதம் விலேமின் மனத்தில் எழுந்தது. துணிப்பையை இறக்கி, கோட்டுகள் அந்துப்பூச்சி அரிக்காமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேசை நாற்காலிகளில் போட்டார். அப்பாவின் கோட்டு. அப்பாவின் தொப்பி. மாமாவின் மழைக்கோட்டு. கடைசியாக அந்தக் கம்பளிச் சால்வை.

சால்வை அம்மாவுடையது.

அவர் நின்றபடியே மேசையைச் சுற்றிப் பார்த்தார். நாற்காலிகளில் இருந்தவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை. இத்தனை ஆண்டுகளாக ஸ்மீகோவிலிருந்து பிரதான நிலையம் வரை, மூடிய சிற்றறைக்குள், தாம் யாருடன் உட்கார்ந்து பயணம் செய்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இருப்பவர்களுக்காக இறந்தவர்கள் இடம் பிடித்து வைத்தார்கள். இருப்பவர்கள் ஏறியதும் அவர்களைச் சுருட்டிப் பையில் அடைத்தோம். மற்றவர்களை இதுவரை அப்படி எழுப்பியாயிற்று. அம்மாவை எழுப்ப அவருக்குக் கை வரவில்லை. குளிர் முன்பே உள்ளே வந்து படுத்திருந்ததுபோல அந்த அறை சில்லிட்டிருந்தது.

மறுநாள் அவர் வரிசையை விட்டு நகரவில்லை. சாளரத்துப் பெண் எத்தனை இடம் என்று கேட்டாள். மூன்று என்றார். அவள் விசைகளைத் தட்டத் தொடங்கியதும், இல்லை, நான்கு என்றார். அந்த நான்காவது ஆள் பெரியவரா, குழந்தையா என்று அவள் கேட்டாள்.

"எண்பது வயசு."

"அப்ப நடைவழிப் பக்கமா போடறேன். எழுந்துக்க வசதியா இருக்கும்."

"வேணாம்மா. ஜன்னல் பக்கம் போடுங்க. அவங்களுக்கு வேடிக்கை பாக்கணும்."

சனிக்கிழமை பிரதான நிலையத்து நடைமேடையில் யர்மிலா வந்து நின்றாள். அண்ணனைப் பார்க்காமல் அண்ணிக்கு மட்டும் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். சிற்றறையில் நான்கு இடங்களுக்கும் கதவருகே முன்பதிவுத் தாள் செருகியிருந்தது. மற்ற இரண்டில், காதில் பாட்டு மாட்டிய மாணவிகள் இருவர் கண்மூடிக் கிடந்தனர். விலேம் கலசம் இருந்த பையை ஜன்னலோர இருக்கையில் வைத்து, சாயாமல் இருக்கச் சால்வையைச் சுற்றி அண்டைகொடுத்தார். யர்மிலா அதைப் பார்த்தாள். அவள் முகம் வெளிறியது. கதவோரம் போய் உட்கார்ந்தாள். அன்றுதான், பல மாதங்களுக்குப் பிறகு, விலேமும் ரயிலில் உட்கார்ந்தார்.

நடைவழி நிரம்பி வழிந்தது. கதவுக்கு வெளியே, சாமந்தித் தொட்டியை மார்போடு அணைத்தபடி ஒரு கிழவர் நின்றிருந்தார். ரயில் கிளம்பியதும் எட்டிப் பார்த்து, அந்த ஜன்னலோர இடத்துக்கு ஆள் உண்டா என்று கேட்டார். உண்டு என்றார் விலேம். கிழவர் தலையசைத்து நின்றுகொண்டார். புறப்பட்டுக் கால் மணி நேரத்துக்குள் ஆள் வந்து உட்காராவிட்டால் முன்பதிவு செல்லாது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது விதி. அது கிழவருக்கும் தெரியும், விலேமுக்கும் தெரியும். கால் மணி நேரம் போயிற்று. கிழவர் எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் பரிசோதகர்தாம் வந்து கேட்டார்.

"இது யாரு இடம்?"

"எங்கம்மா இடம்," என்றார் விலேம்.

"அவங்க எங்க?"

ஹெட்விகா பையைச் சுட்டிக் காட்டி, தாழ்ந்த குரலில், "வந்துட்டாங்க. உக்காந்திருக்காங்க," என்றாள்.

பரிசோதகர் பையையும் சால்வையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு நான்கு சீட்டுகளையும் முறைப்படி துளையிட்டுத் திருப்பிக் கொடுத்தார். வெளியே நின்ற கிழவர், பரவாயில்லை, நானும் என் ஆளைப் பார்க்கத்தான் போகிறேன், அவங்க உட்காரட்டும் என்று முணுமுணுத்தார். அவர் முழங்கால் நடுங்குவது கதவுக் கண்ணாடி வழியே எல்லோருக்கும் தெரிந்தது.

விலேம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா இருந்திருந்தால் இந்நேரம் எழுந்திருப்பார். அம்மாவுக்கென்று இடம் வாங்கியது சரி; ஆனால் வயதானவர் ஒருவரை நிற்க வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார அம்மா ஒப்புவாரா? விலேம் எழப்போகுமுன் யர்மிலா எழுந்துவிட்டாள். பையைச் சால்வையோடு தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, கிழவரை உள்ளே கூப்பிட்டு ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். அண்ணன் காதில் விழவேண்டும் என்று அவள் அன்று சொன்ன முதல் சொற்கள் இவைதாம்:

"நான் வச்சுக்கறேன். கொஞ்ச நேரம் நான் வச்சுக்கறேன்."

பார்துபிட்சேயில் கிழவரும் மாணவிகளும் இறங்கினர். நடைவழிக் கூட்டமும் கரைந்தது. யாரும் கலசத்தை மீண்டும் ஜன்னலோரம் வைக்கவில்லை. யர்மிலா அதை இறுகப் பிடித்திருந்தாள். ரயில் வயல்களுக்கு நடுவே வேகமெடுத்தபோது, காலியான நடைவழியின் கோடியில் சாம்பல் நிறக் கோட்டு நிற்பதை விலேம் கண்டார். கைகள் இரண்டும் கம்பியில். நெற்றி கண்ணாடியில். இந்தமுறையாவது அம்மாவுக்கு உட்கார இடம் வாங்கியிருந்தாரே. அப்படியும் அம்மா எழுந்து போய் நிற்கிறாரே என்று எண்ணினார். பார்வையைத் திருப்பிக்கொள்ள முயன்றார். அப்போதுதான் தங்கையும் அதே திசையில் பார்ப்பதைக் கவனித்தார்.

யர்மிலா நடைவழியைக் கைகாட்டினாள்.

"அண்ணா, அங்க யாரு நிக்கிறது?"

ஹெட்விகா எட்டிப் பார்த்தாள். கதவைத் திறந்துகொண்டு நடைவழியின் கோடிவரை நடந்துபோய்த் திரும்பி வந்தாள். ஒருத்தரும் இல்லை, ஒரு ஜன்னலில் மட்டும் பனி படிந்திருக்கிறது என்றாள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜனவரிக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அதுவே முதல்முறை. விலேம், எத்தனை நாளாகத் தெரிகிறது என்று கேட்டார். சாவுச் சாப்பாட்டன்று வீடு திரும்பிய டிராமிலிருந்தே தெரிகிறது என்றாள் யர்மிலா. எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறார். நான் உட்கார்ந்தால்தான் வருகிறார். எழுந்துவிட்டால் போய்விடுகிறார் என்றாள். விலேமுக்குத் தம் கதையைத் தங்கை வாயால் கேட்பதுபோல இருந்தது. நான் உட்காருவதை விட்டே ஒரு வருஷம் ஆகப்போகிறது, என்னிடம் ஏன் வருகிறார் என்று எனக்குத் தெரியும், உன்னிடம் ஏன் வருகிறார் என்று கேட்டார்.

அவள் கலசத்தின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"போன வருஷம் அந்தத் திரைக்கு உள்ள தூங்கிட்டிருந்தாளே ஒருத்தி. அது நான்தாண்ணா."

விலேமுக்குத் தம் சட்டைக் கையை அம்மா பற்றிய பிடி நினைவு வந்தது. விடுடா, தூங்கறா. யாரோ ஒரு வழிப்போக்கிக்காக அம்மா இப்படிக் கெஞ்சுகிறாரே என்று அன்று வியந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தார், அப்படியும் வரவில்லை. ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். யர்மிலா தலையை அசைத்தாள். இங்கே சொல்லமாட்டேன் என்றாள். உங்களைக் குற்றவாளியாக்கியது ஊர் கூடிய மேசையில்; இங்கே நாம் மூன்று பேர் மட்டும் இருக்கும்போது சொல்லிமுடித்துவிட்டால் அது திருட்டுக்கணக்கு ஆகிவிடும் என்றாள். அதற்குப் பிறகு ஷும்பெர்க் வரை அவள் கலசத்தை ஏந்தியபடி நின்றே வந்தாள். ஹெட்விகா அழைத்தும் உட்காரவில்லை. விலேம் நடைவழிப் பக்கம் திரும்பவே இல்லை.

கல்லறையில் காற்று மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டே இருந்தது. அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கமாகக் கலசத்தைப் பிடித்து இறக்கினார்கள். ஒட்டிலி சித்தி மண்ணை ஒரு பிடி போட்டுவிட்டு, இனி அக்கா எழுந்து யாருக்கும் இடம் கொடுக்கவேண்டியதில்லை என்று சொல்லி அழுதார்.

பிறகு சித்தி வீட்டுச் சாப்பாட்டு மேசை. வாத்தும் முட்டைக்கோசும் மாவுருண்டையும் ஆவி பறக்க வந்தன. ஜனவரியில் விடுதியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் இங்கேயும் இருந்தார்கள். சித்தி பரிமாறத் தொடங்கியபோது யர்மிலா எழுந்து நின்று, கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். சுற்றிலும் பார்த்தாள். போஹுஷ் புகைபிடிக்கக் கொல்லைப்பக்கம் போயிருந்தான். அவனைக் கூப்பிடச் சொன்னாள். வாத்து ஆறுகிறதே என்று யாரோ முனகினார்கள், அவள் காத்திருந்தாள். போஹுஷ் வந்து, என்ன விசேஷம், மந்திரி பதவி விலகுகிறாரா என்று கேட்டபடி உட்கார்ந்தான். அவள் அவனைப் பார்த்துத்தான் தொடங்கினாள்.

"ஜனவரியில அண்ணனப் பத்தி நான் ஒண்ணு சொன்னேன். நீங்க எல்லாரும் கேட்டீங்க. போஹுஷ், நீ தலையாட்டின. அது பொய். அம்மாவுக்கு அண்ணன் இடம் தேடிக் குடுத்துட்டாரு. அந்த இடத்துல உக்காந்து வந்தது நான்."

போஹுஷின் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றது. விலேமுக்கு அவளைப் பார்க்கத் தாளவில்லை. போதும் யர்மி, உட்கார் என்று கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள், ஆனால் உட்காரவில்லை.

"இன்னும் முடிக்கலண்ணா. சாப்பாட்டுப் பெட்டியில எடமில்ல, அம்மாகிட்ட வந்து தலவலின்னு சொன்னேன், அம்மா எழுந்து எடம் குடுத்தாங்க. அது வரைக்கும் யாருக்கும் தப்பு இல்ல. கோலின் ஸ்டேஷன்ல முழிச்சேன். தலவலி போயிருந்துச்சு. திரைய வெலக்கிப் பாத்தேன், அம்மா நின்னுட்டிருந்தாங்க. கண்ண மூடிக்கிட்டேன். பார்துபிட்சேல பாத்தேன். நின்னுட்டிருந்தாங்க. மறுபடியும் மூடிக்கிட்டேன். த்ரெபோவால அண்ணன் கதவுல கை வச்ச சத்தம் கேட்டுச்சு. அம்மா அவரத் தடுத்ததும் கேட்டுச்சு. அப்பவும் நான் கண்ணத் திறக்கல."